வண்டி கொதிக்கிறதா? பாட்டிலைத் திறக்கும் முன் அறிகுறியைப் பாருங்கள்

கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் போகும் ரோட்டோரத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். நம் தேனி மாவட்டத்துக் கூடலூர். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் குமுளி மலை ஏற ஆரம்பித்துவிடும். அதனால் கொதித்த வண்டிகள் எனக்குக் குறைவில்லாமல் வரும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப், கேரளாவுக்குக் காய்கறியும் வைக்கோலும் கொண்டுபோகும் லாரி, சபரிமலை சீசனில் வெளியூர் வேன். அந்தப் பக்கமிருந்து இறங்கி வருகிறவர்கள் "சேட்டா, வண்டி ஹீட்டாயி" என்பார்கள். நம் ஆட்கள் "அண்ணே, கொதிக்குது" என்பார்கள். இரண்டு பேர் கையிலும் இப்போதெல்லாம் ஒரு பாட்டில் இருக்கிறது.

போன சித்திரையில் ஒரு ஜீப் வந்தது. டிரைவர் தம்பி, ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலண்ட் ஆடிட்டிவ் இரண்டு பாட்டில் ஊற்றிவிட்டான், இன்னும் கொதிக்கிறது. வண்டியை ஆற விட்டு, திரும்ப ஸ்டார்ட் செய்யச் சொல்லி, சூடேறியதும் ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். ரேடியேட்டரின் கீழ் ஓஸைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மிதிக்க மிதிக்க, இளநீர் குடிக்கும் ஸ்ட்ரா உறிஞ்சும்போது சப்பையாகுமே, அப்படி ஓஸ் ஒட்டிக்கொண்டது. உள்ளே இருக்க வேண்டிய கம்பிச் சுருள் துருப்பிடித்து எப்போதோ காணாமல் போயிருந்தது. வேகமாக ஓட ஓட வாட்டர் பம்ப் உறிஞ்சுகிறது, ஓஸ் மூடிக்கொள்கிறது, தண்ணீர் நின்றுபோகிறது. இதற்கு எந்த பாட்டில் என்ன செய்யும்?

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆடிட்டிவ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நல்ல சரக்கு, வேண்டிய சரக்கு. ஆனால் அது சூட்டைக் குறைக்கும் மருந்து இல்லை, தண்ணீர் ஓடும் வழியைக் காப்பாற்றும் காவல்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

கூலண்ட் என்று கடையில் கிடைப்பதில் பெரும்பங்கு எத்திலீன் கிளைக்கால். அதோடு துருத் தடுப்பு ரசாயனங்கள், நுரை அடக்கி, சாயம். சூட்டைத் தூக்கிச் செல்வதில் வெறும் தண்ணீரை மிஞ்ச ஆள் கிடையாது. கிளைக்கால் கலக்கக் கலக்க அந்தத் திறன் குறையத்தான் செய்யும். அப்புறம் ஏன் கலக்கிறோம்? இரண்டு காரணம். ஒன்று, கொதிநிலை ஏறுகிறது. பாதிக்குப் பாதி கலந்தால் திறந்த பாத்திரத்திலேயே 106, 107 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. இரண்டாவது, என் கணக்கில் இதுதான் முக்கியம், வார்ப்பிரும்பு, அலுமினியம், பித்தளை, ஈயப்பற்று எல்லாம் ஒரே தண்ணீரில் நனையும்போது வரும் அரிப்பை அது தடுக்கிறது. பனியில் உறையாமல் காப்பது மூன்றாவது வேலை. கம்பத்துக்காரர்களுக்கு அது தேவைப்படாது.

உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். குமுளி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். இன்ஜினில் அப்படி ஆகாமல் காப்பது ரேடியேட்டர் மூடி. மூடியில் 0.9 என்று அடித்திருந்தால், அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்து, வெறும் தண்ணீரைக்கூட 117 டிகிரி வரை கொதிக்க விடாது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ, ஸ்பிரிங் சோர்ந்திருந்தாலோ அந்த இருபது டிகிரியும் போச்சு. நூற்றுக்கணக்கில் செலவழித்து ஆடிட்டிவ் வாங்குகிறவர் முதலில் மூடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அதே மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. அழுத்தம் போன அந்த நொடியில் உள்ளே இருப்பது கொதித்துப் பொங்கி, ஆவியும் வெந்நீருமாக முகத்தில் அடிக்கும். தோலுரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்ஜினை அணைத்து முக்கால் மணி நேரமாவது விடுங்கள். மேல் ஓஸைப் பிடித்தால் கை தாங்க வேண்டும், அமுக்கினால் அமுங்க வேண்டும். அதன் பிறகு ஈரச் சாக்கை மேலே போட்டு, கால் திருப்பு திருப்பி, சீற்றம் அடங்கிய பிறகு முழுதாகத் திறக்கலாம். சூட்டில் காய்ந்து கிடக்கும் இன்ஜினில் ஓடைத் தண்ணீரைக் குடத்தோடு கவிழ்க்காதீர்கள். இன்ஜினின் மேல்பாகமான ஹெட் விரிசல் விடும்.

கீழே நன்றாக ஓடுகிறது, மலை ஏறினால் மட்டும் சூடு காட்டும் முள் ஏறுகிறது

இங்கே அதிகம் வருவது இதுதான். செகண்ட் கியரில், முழு லோடோடு, மெதுவாக ஏறும்போது இன்ஜின் கொடுக்கும் சூடு அதிகம், முன்னால் வரும் காற்று குறைவு. அமைப்பில் எங்கே பலவீனம் இருந்தாலும் இந்த ஏற்றம் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் ரேடியேட்டரின் முகத்தைப் பாருங்கள். முன்பக்கம் சுத்தமாகத் தெரியும். ஏமாறாதீர்கள். ஏசி இருக்கிற வண்டியில் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். வைக்கோல் துரும்பு, பூச்சி இறகு, செம்மண் எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஒரு வைக்கோல் லாரியில் இரண்டு கை அள்ளி எடுத்தேன். கம்ப்ரஸர் காற்றை இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக அடிக்க வேண்டும், முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே இறுகும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை ரொம்பக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், காற்று வழியே அடைந்துபோகும்.

வெளியே சுத்தம் என்றால் உள்ளே. வண்டியை ஓட்டிச் சூடேற்றி, இன்ஜினை அணைத்து, ஃபேன் நின்ற பிறகு ரேடியேட்டரைப் பல இடத்தில் தொட்டுப் பாருங்கள். கையைச் சுட்டுக்கொள்ளாமல். மேலிருந்து கீழே வரச் சூடு படிப்படியாகக் குறைவது சரி. நடுவில் ஒரு திட்டு மட்டும் ஜில்லென்று இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இது நிச்சயம். வீட்டில் வெந்நீர்ப் பானை அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் இன்ஜினுக்குள்ளும் படிகிறது. இரும்பைவிடச் சூட்டை மிக மெதுவாகத்தான் கடத்தும். பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் மேல் டேங்கைப் பிரித்து, குழாய்க்குள் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டரில் அந்த வேலை நடக்காது, பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது, தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடேறிய பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு அது. "நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்குண்ணே" என்று அதைக் கழற்றிப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. வருத்தமான பழக்கம். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் டீசல் குடிக்கும், பிஸ்டன் ஓடும் உருளையான லைனர் தேயும். அது மட்டுமில்லை. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். மலையில் கொதிக்க அதுவே காரணமாகிவிடும். சந்தேகம் என்றால் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் போட்டுக் காய்ச்சுங்கள். அதன் மேலேயே 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் வாய் திறக்க ஆரம்பித்து, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் முழுக்கத் திறக்க வேண்டும். பாதியில் சிக்கினால் புதுசு போடுங்கள்.

நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

கார்த்திகை, மார்கழியில் வண்டிகள் வரிசையாக ஊரும்போது வரும் புகார். பெரும்பாலும் ஃபேன்தான். பெல்ட் வண்டியில் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது எண்ணெய் பட்டு வழுக்கும். கரண்ட் ஃபேன் என்றால் ஃபியூஸ், ரிலே, சூட்டு சுவிட்ச். ஏசியைப் போட்டுப் பாருங்கள், பல கார்களில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். லாரி, ஜீப்பில் விஸ்கஸ் ஃபேன் (கெட்டி எண்ணெய் உள்ள கிளட்ச் வைத்துச் சுற்றுவது) இருந்தால், சூடான இன்ஜினை அணைத்த பிறகு கையால் சுற்றுங்கள். தடை தெரிய வேண்டும். தடையே இல்லாமல் விர்ரென்று சுற்றினால் கிளட்ச் காலி.

தண்ணீர் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை

இதை அலட்சியம் செய்யாதீர்கள். முதலில் மூடி. அடுத்து ரிசர்வ் டேங்குக்குப் போகும் சின்னக் குழாய். அது ஓட்டையாகவோ கழன்றோ இருந்தால், சூட்டில் வெளியே தள்ளிய தண்ணீரை ஆறும்போது திரும்ப இழுக்க முடியாது.

அது சரி என்றால் ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. காலையில், ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில், மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் இரண்டொரு குமிழி வருவது வெறும் காற்று. நிற்காமல், இன்ஜின் தாளத்தோடு சேர்ந்து குமிழி வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வருகிறது. இன்னொரு அடையாளம்: மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிஷத்துக்குள், இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போதே, மேல் ஓஸ் கல்லாக இறுகுவது. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். கேஸ்கெட்டை ஒட்டவைக்கும் என்று பாட்டில் விற்கிறார்கள். அதை நம்பி மலை ஏறச் சொல்ல எனக்கு மனசு வராது. பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

சொட்டு தெரிகிறது

வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் கசிந்தால் சீல் போய்விட்டது என்று பம்பே சொல்கிறது. அந்த ஓட்டையை எம்சீலால் அடைத்துக்கொண்டு வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும், பம்ப் மொத்தமாக இறுகிச் சுற்றாமல் நின்றுவிடும்.

ரேடியேட்டர் கசிவுக்கு நம் டிரைவர்களின் கைவைத்தியம் மஞ்சள் தூள். ஆத்திர அவசரத்துக்கு அது வேலை செய்யும், மறுக்கவில்லை. தூள் நனைந்து ஊறி, கசிவில் போய் அடைத்துக்கொள்ளும். குமுளி உச்சியிலிருந்து பட்டறை வரை வந்து சேரலாம். ஆனால் அதற்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. ஒரு தடவை ஒரு வேனின் ரேடியேட்டரைப் பிரித்தபோது குழாய்க்குக் குழாய் மஞ்சள் களிம்பு. சாம்பார் கரைத்து ஊற்றியது போல. கடையில் விற்கும் கசிவு அடைப்பு ஆடிட்டிவும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. ஊர் வந்து சேர ஒரு தடவை போடுங்கள், வந்ததும் கழுவி எடுத்து ஓட்டையைச் சரி செய்யுங்கள்.

முள் அசையவே இல்லை, ஆனால் வண்டி கொதிக்கிறது

சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சூடு காட்டும். தண்ணீர் கீழே போய்விட்டால், முள் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருக்கும். ஹீட்டர் இருக்கிற வண்டியில் திடீரென்று ஜில் காற்று வந்தால் அதுவும் இதே செய்திதான். உடனே ஓரம் கட்டுங்கள்.

திறந்தால் செந்நிறம், சேறு, களி

இங்கேதான் ஆடிட்டிவின் அருமை தெரியும். துருவின் செந்நிறம் என்றால் வெறும் தண்ணீரில் ஓடியிருக்கிறது, அல்லது கூலண்டை வருஷக்கணக்கில் மாற்றவில்லை. அதில் உள்ள துருத் தடுப்பு செலவாகிவிடும். சில சமயம் நிறம் பச்சையாகவே இருக்கும், ஆனால் காவல் போயிருக்கும். பழைய வகைக் கூலண்டுக்கு இரண்டு வருஷம், கரிம அமில வகைக்கு ஐந்து வருஷம் என்று பொதுவாகச் சொல்வார்கள். வண்டிப் புத்தகம் சொல்வதே கடைசி வார்த்தை.

களி மாதிரி திரண்டிருந்தால் இரண்டு வகை கலந்திருக்கலாம். நிறத்தை வைத்து வகை சொல்ல முடியாது. பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு எல்லாம் கம்பெனி போடும் சாயம், அதற்குச் சட்டம் இல்லை. பாட்டிலின் பின்பக்கம் ஐ.எஸ். 5759 அல்லது ஏ.எஸ்.டி.எம். டி 3306 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். என்ன இருக்கிறது என்று தெரியாத வண்டியில், மேலே ஊற்றாமல் முழுக்க வடித்துக் கழுவி, ஒரே வகையைப் போடுவதுதான் நல்லது.

எண்ணெய் மிதந்தால் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ என்று பயப்படும் முன், யாராவது சோப் ஆயில் ஊற்றினார்களா என்று கேளுங்கள். லேத் பட்டறையில் பால் மாதிரி ஓடுமே, அதே ஆயில். துருப்பிடிக்காது என்று பழைய டிரைவர்கள் ரேடியேட்டரில் ஊற்றுவார்கள். துரு குறையும், ஆனால் ரப்பர் ஓஸ் ஊதிப்போய்ப் பிசுபிசுக்கும். ஓஸ் எதனால் ஊதியது என்று நானும் ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

லாரி, ஜெனரேட்டர் டீசல் இன்ஜின்கள் பலவற்றில் லைனரின் வெளிப்புறம் நேரே தண்ணீரில் நிற்கும். பிஸ்டன் அடிக்க அடிக்க லைனர் அதிரும். அந்த அதிர்வில் நுண்ணிய ஆவிக் குமிழிகள் உண்டாகி, உடையும்போது இரும்பைக் கொத்தும். கழற்றிய லைனர் ஒன்றைப் பட்டறையில் மாட்டி வைத்திருக்கிறேன். ஒரே பக்கத்தில் வரிசையாக ஊசிக் குழிகள், வெயிலில் பிடித்தால் இரண்டு குழி வழியாக வெளிச்சம் வரும். அந்த வழியாகத்தான் தண்ணீர் ஆயிலுக்குப் போனது. இதைத் தடுக்கத்தான் கனரக டீசலுக்கென்று நைட்ரைட் கலந்த துணை ஆடிட்டிவ் இருக்கிறது. லைனர் மேல் மெல்லிய படலம் போட்டு அடியைத் தாங்கும். பழைய வகைக் கூலண்ட் ஊற்றும் இன்ஜினுக்கு அது வேண்டும். சோதனைப் பட்டை வாங்கி நனைத்துப் பார்த்து, எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மட்டும் சேர்க்க வேண்டும். அதிகம் போட்டால் உப்பாகப் படிந்து பம்ப் சீலைத் தின்னும்.

புதுக் கூலண்ட் ஊற்றிய பிறகுதான் கொதிக்கிறது

பெரும்பாலும் காற்று அடைப்பு. வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, தண்ணீர் மட்டும் வரும் வரை மெதுவாக நிரப்புங்கள். இன்னொரு காரணம், கெட்டிக் கூலண்டைத் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றுவது. "கெட்டியா இருந்தா நல்லதுதானே" என்கிறார்கள். இல்லை. கலக்காத கிளைக்கால், தண்ணீர் தூக்கும் சூட்டில் பாதி சொச்சம்தான் தூக்கும். நம் பக்கத்துக்கு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போதும். கலக்க பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. லேபிளில் கலந்து வைத்தது என்று இருந்தால் தண்ணீரே சேர்க்காதீர்கள்.

சூடு குறைக்கும் என்றே தனியாக விற்கும் ஆடிட்டிவ் பற்றியும் கேட்கிறார்கள். அது தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, இரும்போடு நன்றாக ஒட்ட வைக்கும். வெறும் தண்ணீர் ஓடும் இன்ஜினில் சில டிகிரி வித்தியாசம் தெரியலாம். பாதிக்குப் பாதி கிளைக்கால் ஓடும் வண்டியில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

லேத்தில் வரும் தொல்லை

லேத்தில் டூல் சூட்டைத் தணிக்க ஊற்றும் ஆயில் கலவைக்கும் கடையில் கூலண்ட் என்றுதான் பெயர். ஆனால் ஜாதியே வேறு. கேனின் மேல் பெரிதாக எழுதி, வேறு வேறு மூலையில் வையுங்கள்.

டூல் கருகுகிறது, சில்லு நீலமாகிப் புகை வருகிறது என்றால் முதலில் கலவை அளவு. சாதாரணக் கடைசலுக்கு ஒரு பங்கு ஆயில், இருபது பங்கு தண்ணீர். எப்போதும் தண்ணீரில் ஆயிலை விட்டுக் கலக்குங்கள். ஆயிலில் தண்ணீரை விட்டால் கலவை தலைகீழாகித் தயிர் மாதிரி திரியும். வெயில் நாளில் தண்ணீர் மட்டும் ஆவியாகி, கலவை கெட்டியாகும். மேலே ஊற்றும்போது நீர்த்த கலவையாக ஊற்றுங்கள். அப்புறம் பீச்சும் இடம். டூல் முனையில் விடாமல் விழ வேண்டும். கார்பைடு டூலில் விட்டு விட்டுச் சொட்டினால் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு முனை வெடிக்கும். அதைவிட உலர்வாகவே ஓட்டலாம்.

திங்கட்கிழமை காலையில் மெஷினைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை வருகிறதா? ஞாயிறு முழுக்கக் கலவை அசையாமல் கிடந்திருக்கிறது. மெஷினின் பெட் (அடித்தளம்) மேலிருந்து வடிந்த ஆயில் மேலே ஆடையாக மூடி, காற்று போகாமல், அடியில் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. சிலர் ஃபினாயில் ஊற்றுகிறார்கள். வேலை செய்யும் பையன் கையில் சொறி வரும், கலவையும் திரியும். கிருமிக்கொல்லி ஆடிட்டிவ் உண்டு. ஆனால் தொட்டியில் ஒரு சாண் சேறும் சில்லும் இருக்கும்போது அதைப் போட்டுப் பயனில்லை. வடித்து, சுரண்டி, கழுவி, புதிதாகக் கலந்து, மேலே மிதக்கும் ஆயிலைத் தினமும் வழித்தெடுத்தால் வாடை வராது.

வடித்த கூலண்டை எங்கே ஊற்றுவது

பட்டறைக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. அங்கே ஊற்றுவது சுலபம். ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய் நக்கும், ஆடு குடிக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் செயலிழந்து செத்துவிடும். குழந்தைக்கும் அதேதான். கலர் சோடா மாதிரி பச்சையாக, சிவப்பாக இருப்பதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளும் டிரைவர்களிடம் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்: அதன் சொந்தக் கேனிலேயே வையுங்கள், மூடியை இறுக்குங்கள். பழையதை மூடி போட்ட பீப்பாயில் சேர்த்து வையுங்கள், பழைய இன்ஜின் ஆயிலோடு கலக்காமல். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைத்துக்கொண்டிருக்காமல், கேனையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால்தான் அது பலிக்கும்.